அம்மாவுக்கு மாட்டுச் சவ்வில் செய்த இதய வால்வு: அதை எப்படிப் பதப்படுத்துகிறார்கள்?

தேயிலைமகள் (பொகவந்தலாவை)
ஞாயிறு, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். இங்கே நெடுநாளாக வாசித்து வருகிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

அம்மாவுக்கு வயது 63. தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருடம் கொழுந்து பறித்தவர். ஆறேழு மாதமாக எங்கள் லய வீட்டுக்கு ஏறும் படியில் பாதி வழியில் நின்று மூச்சு வாங்குகிறார். இரண்டு தடவை மயங்கி விழுந்துவிட்டார். எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் பெருநாடி வால்வு சுண்ணாம்பு படிந்து இறுகிப்போயிருக்கிறது, மாற்றத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு வகை வால்வு இருக்கிறதாம். ஒன்று இயந்திர வால்வு. அதைப் போட்டால் இரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க வாஃபரின் குளிசை. மற்றது மாட்டின் இதயத்தைச் சுற்றியிருக்கும் சவ்வில் செய்தது. அறுபதுக்கும் அறுபத்தைந்துக்கும் இடைப்பட்ட வயதில் இரண்டும் பொருந்தலாம், வீட்டில் பேசி முடிவு சொல்லுங்கள் என்று டொக்டர் இரண்டு வாரம் தந்திருக்கிறார்.

வீட்டில் இப்போது பெரிய குழப்பம். லயத்துக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு மாட்டுப் பட்டி இருக்கிறது. இரண்டு பசு, ஒரு கன்று. வேலை முடிந்து வந்ததும் அம்மா முதலில் போய்ப் பார்ப்பது அவற்றைத்தான். "உசுரோட இருந்த மாட்டுச் சவ்வை என் நெஞ்சுக்குள்ள வச்சா அழுகாதா? என் உடம்பு அதை ஏத்துக்குமா?" என்று கேட்கிறார். கிளினிக்கில் கூட்டம் அதிகம். டொக்டர் நல்லவர்தான், ஆனால் ஐந்து நிமிடத்தில் இதையெல்லாம் கேட்க முடியவில்லை.

அந்தச் சவ்வை எப்படிப் பதப்படுத்துகிறார்கள், அது எத்தனை வருடம் தாங்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அம்மாவுக்கு விளங்கும்படி நான் எடுத்துச் சொல்லவேண்டும்.

தியேட்டர்_மிஸ்ஸி (கண்டி)
ஞாயிறு, இரவு 10.02

தங்கச்சி, முதலில் அம்மாவிடம் ஒன்றைச் சொல்லுங்கள். எங்கள் கைக்கு வரும்போது அது இறைச்சி மாதிரி இருக்காது. பதினொரு வருடமாக இதய ஒப்பரேஷன் தியேட்டரில் நிற்கிறேன். நான் கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன்.

வால்வு ஒரு கண்ணாடி போன்ற சிறு போத்தலில், தெளிந்த திரவத்துக்குள் மூழ்கி வரும். மூன்று இதழ். நிறம் தந்தம் மாதிரி, இலேசான மஞ்சள் கலந்த வெள்ளை. இதழ் ஒவ்வொன்றும் அரை மில்லிமீற்றருக்கும் மெல்லியது. அடியில் துணி சுற்றிய வளையம் இருக்கும், அந்த வளையத்தைத்தான் சேர்ஜன் இதயத்தோடு தைப்பார். வால்வில் ஒரு சிறு இலக்கத் துண்டு நூலால் கட்டியிருக்கும். அதிலுள்ள இலக்கமும் போத்தலில் ஒட்டிய இலக்கமும் ஒன்றுதானா என்று இரண்டு பேர் சத்தமாக வாசித்துப் பார்ப்போம். அதன்பிறகுதான் அந்த நூலை வெட்டுவோம்.

அந்தத் திரவம் நச்சுத் தன்மை உள்ளது. அதனால் உள்ளே வைக்குமுன் கழுவவேண்டும். நாங்கள் பாவிக்கும் வகைக்கு இரண்டு கிண்ணம், ஒவ்வொன்றிலும் 500 மில்லிலீற்றர் சேலைன். ஒவ்வொரு கிண்ணத்திலும் குறைந்தது ஒரு நிமிடம் மெதுவாக அலசவேண்டும். நேரத்தைக் கடிகாரம் பார்த்துத்தான் எண்ணுவோம், மனக்கணக்குக்கு இடமே இல்லை. அப்புறம் சேர்ஜன் தைத்து முடிக்கும்வரை அடிக்கடி சேலைன் விட்டு இதழை ஈரமாகவே வைத்திருப்போம். காய்ந்தால் இதழ் கெட்டுவிடும்.

அழுகுமா என்ற கேள்விக்குப் பதில் அந்தத் திரவத்தில்தான் இருக்கிறது. அதன் வேதியலை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

பார்வையாளன்77
ஞாயிறு, இரவு 10.31

மாட்டிலிருந்து வருவது என்றால் அந்த பைத்திய மாட்டு நோய் மனிதனுக்கு வந்துவிடாதா? எனக்கென்றால் இயந்திர வால்வுதான் பாதுகாப்பு என்று தோன்றுகிறது. அம்மாவைப் பரிசோதனைப் பொருளாக்கவேண்டாம்.

மிருகவைத்தியன் (பேராதனை)
திங்கள், காலை 6.45

தங்கச்சி, நான் மிருக வைத்தியம் படித்தவன். பிறகு சில வருடம் உயிரிப் பொருட்கள் பற்றிய ஆய்வுகூடத்தில் வேலை செய்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் பார்வையாளனுக்கு. இந்த முறை பரிசோதனைக் கட்டத்தைத் தாண்டி அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. மிருகத் திசுவில் செய்யும் மருத்துவச் சாதனங்களுக்கென்றே ஐ.எஸ்.ஓ 22442 என்ற சர்வதேச நியமம் இருக்கிறது. எந்த நாடு, எந்த மந்தை, எந்த வயது, அறுத்தபோது யார் பரிசோதித்தார்கள் என்பதெல்லாம் பதிவாகியிருக்கவேண்டும். நீங்கள் சொல்லும் நோய்க்கான கட்டுப்பாடு அங்கேயே, மாட்டைத் தெரிவு செய்யும்போதே தொடங்குகிறது. கடைத்தெரு இறைச்சிக் கடையிலிருந்து யாரும் சவ்வு வாங்குவதில்லை.

இனிச் சவ்வுக்கு வருவோம். மாட்டின் இதயம் ஒரு பைக்குள் இருக்கிறது. அந்தப் பைதான் இதய உறை. மெல்லியது, ஆனால் கிழிப்பது கஷ்டம். காரணம் கொலாஜன் என்ற புரத நார். தோலிலும் தசைநாணிலும் இருப்பதும் அதேதான். புது உறையைப் பனிக்கட்டியில் வைத்த உப்புநீரில் கொண்டுவருவார்கள். ஒட்டியிருக்கும் கொழுப்பைக் கையால் உரித்து எடுப்பார்கள். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, நார் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே இரத்தக் குழாய்த் தடம் இருக்கிறது, எங்கே தடிப்பு மாறுகிறது என்று பார்ப்பார்கள். ஒரே உறையில் எல்லா இடமும் ஒரே தடிப்பாக இராது. சீரான பகுதிதான் இதழாகும், மிச்சம் கழிவு. ஒரு முழு உறையிலிருந்து மிகக் கொஞ்சம்தான் தேறும்.

அடுத்ததுதான் முக்கியமான கட்டம். குளுட்டரல்டிஹைட் என்ற இரசாயனத்தில் ஊறவைப்பது. சுமார் 0.6 சதவீதக் கரைசல், இரத்தத்தைப் போலவே பி.எச் 7.4. இந்த மூலக்கூறுக்கு இரண்டு முனையிலும் கை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கை ஒரு கொலாஜன் நாரைப் பிடிக்கும், மறு கை பக்கத்து நாரைப் பிடிக்கும். இப்படி இலட்சக்கணக்கான பாலங்கள் போட்டுவிட்டால் மூன்று விடயம் நடக்கும். கிருமிகளின் நொதியால் நாரை வெட்ட முடியாது, அதனால் அழுகாது. மாட்டின் உயிரணுக்கள் எல்லாம் செத்துவிடும், அவற்றின் அடையாளங்கள் பெரும்பாலும் மூடப்படும். அதனால் நம் உடம்பு அதை அந்நியன் என்று பெரிதாக எதிர்க்காது, சிறுநீரகம் மாற்றியவர்கள் குடிக்கும் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தும் தேவைப்படாது. மூன்றாவது, திசு கிருமி நீங்கியும் விடும்.

ஆக அம்மாவின் கேள்விக்குப் பதில்: உயிரோடு இருந்த சவ்வு உள்ளே போவதில்லை. உயிர் சம்பந்தமான எல்லாம் நின்றுபோய், நார் மட்டும் கட்டப்பட்ட ஒரு பொருள்தான் போகிறது.

மாணவனாக இருந்தபோது செய்த ஒரு பரிசோதனையை இன்றும் மறக்கவில்லை. பதப்படுத்தாத சவ்வில் ஒரு கீற்று, பதப்படுத்தியதில் ஒரு கீற்று. இரண்டையும் சிறு பாரம் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு மெதுவாகச் சூடேற்றினோம். அறுபத்தைந்து பாகை செல்சியஸ் அளவில் பச்சைச் சவ்வு சட்டென்று சுருண்டு பாதியாகிவிட்டது. மற்றது அசையவே இல்லை. எண்பதைத் தாண்டிய பிறகுதான் அது சுருங்கத் தொடங்கியது. எத்தனை பாலம் விழுந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க இன்றும் ஆய்வுகூடங்களில் இந்தச் சுருங்கு வெப்பநிலையைத்தான் பார்க்கிறார்கள்.

தப்புக்காரன் (கொட்டகலை)
திங்கள், மாலை 5.20

ஐயா சொன்னதை வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் குடும்பம் தலைமுறையாகத் தப்பு என்ற தோல் மேளம் அடிக்கிறது. தோல் எங்கள் கையில் பழகிய பொருள்.

தப்புக்குப் போடுவது பச்சைத் தோல். சுண்ணாம்பில் ஊறவைத்து முடியைச் சுரண்டி, ஈரத்தோடு சட்டத்தில் இழுத்து ஒட்டிக் காயவிடுவோம். காய்ந்தால் கல் மாதிரி நிற்கும். ஆனால் இங்கே கொட்டகலையில் மூடுபனி இறங்கினால் போதும், அரை மணித்தியாலத்தில் தோல் தொய்ந்து சத்தம் செத்துவிடும். அதனால்தான் திருவிழாவில் அடிக்குமுன் வைக்கோலையோ பேப்பரையோ கொளுத்தித் தப்பைக் காய்ச்சுகிறோம். நன்றாக நனைந்த தோலை இரண்டு நாள் மூலையில் போட்டால் நாறும்.

ஆனால் செருப்புத் தோல் அப்படியில்லை. அதே மாட்டுத் தோல்தான், மழையில் நனைந்தாலும் அழுகாது. அப்பா அதைத் "தோல் வேறு, பதனிட்ட தோல் வேறு" என்பார். ஐயா, இந்த வால்வுச் சவ்வும் செருப்புத் தோல் போலப் பதனிட்டதுதானா?

மிருகவைத்தியன் (பேராதனை)
திங்கள், இரவு 8.15

தம்பி, நூற்றுக்கு நூறு அதேதான். குளுட்டரல்டிஹைட் தோல் பதனிடும் தொழிலிலும் பாவிக்கும் இரசாயனம். உங்கள் தப்பில் நார்களுக்கு இடையே பாலம் இல்லை, காய்ந்திருப்பதால் மட்டும் இறுகி நிற்கிறது. பனி ஈரம் உள்ளே புகுந்ததும் நார்கள் வழுக்கி விலகும், அதுதான் தொய்வு. பதனிட்ட தோலில் பாலம் இருப்பதால் ஈரத்திலும் கட்டுக் குலையாது. இதயத்துக்குள் எப்போதும் ஈரம், எப்போதும் 37 பாகை. பச்சைச் சவ்வு அங்கே நிலைக்காது.

இதை உலகம் அனுபவப்பட்டுத்தான் கற்றது. 1965 இல் பாரிஸில் பன்றியின் வால்வை மனிதருக்கு வைத்தார்கள். அலென் கார்பாந்தியே என்ற சேர்ஜன் அந்தக் குழுவில் இருந்தார். அப்போது பாதரச உப்புக் கரைசலில் பதப்படுத்தினார்கள். கொஞ்ச காலத்தில் பல வால்வுகள் கெட்டுப்போயின, உடம்பு அவற்றை அரித்துவிட்டது. பழுது தன் கத்தியில் இல்லை, பதப்படுத்துவதில்தான் இருக்கிறது என்று கண்டு அவர் வேதியல் படிக்கப் போனார். அறுபதுகளின் கடைசியில் குளுட்டரல்டிஹைட்டுக்கு வந்து சேர்ந்தார். 2007 இல் அவருக்கும், இயந்திர வால்வின் முன்னோடி அல்பர்ட் ஸ்டாருக்கும் சேர்த்து லாஸ்கர் விருது கொடுத்தார்கள். மாட்டின் இதய உறையில் வால்வு செய்யும் வழியை 1971 இல் இங்கிலாந்தின் லீட்ஸில் மரியன் இயோனெஸ்கு தொடக்கிவைத்தார்.

ஒரு சேர்ஜன் வேதியல் வகுப்பில் போய் உட்கார்ந்ததை நினைக்கும்போது எனக்கு இன்றும் மரியாதை பொங்குகிறது.

ஸ்டோர்_ஒப்பீசர் (தலவாக்கலை)
திங்கள், இரவு 9.05

பதனிடுவதற்கு மரப்பட்டைத் துவர்ப்பைப் பாவிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். துவர்ப்பு என்றால் நம் தேயிலையில் இல்லாததா? இருபது வருடம் தேயிலை ஃபெக்டரியில் இருக்கிறேன், உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்கிறேன்.

மிருகவைத்தியன் (பேராதனை)
செவ்வாய், காலை 6.30

நல்ல கேள்வி அண்ணா. பால் விடாத கடும் சாயத் தேநீர் குடித்தால் வாய் இழுக்கிறதே, அது என்ன? தேயிலையின் துவர்ப்புப் பொருளான பொலிபீனோல் நம் உமிழ்நீரிலுள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. வாயின் வழுவழுப்புப் போய்விடுகிறது. பால் விட்டால் அது பாலின் புரதத்தைப் பிடித்துக்கொண்டு வாயை விட்டுவிடும். மரப்பட்டையின் துவர்ப்புப் பொருளான டனின் தோலைப் பதனிடுவதும் இதே உறவுதான். பச்சைத் தேயிலையிலுள்ள கெற்றெக்கின் என்ற பொலிபீனோல் வகை ஒன்று கொலாஜன் நாரைக் கட்டுமா என்று ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

டனின் குடும்பத்தை ஆய்வாளர்கள் தேடுவதற்குக் காரணம் இருக்கிறது. குளுட்டரல்டிஹைட் கொலாஜனை நன்றாகக் கட்டும், எலாஸ்டின் என்ற ரப்பர் போன்ற நாரை அவ்வளவாகக் கட்டாது. டனினுக்குள் இருக்கும் ஒரு கூறு எலாஸ்டினைக் காக்கிறது. இது இன்னும் ஆய்வுகூட மட்டத்து வேலை. அம்மாவின் வால்வில் தேயிலை இல்லை.

தேயிலைமகள் (பொகவந்தலாவை)
செவ்வாய், இரவு 8.40

எல்லோருக்கும் நன்றி. தப்புக்காரன் அண்ணா எழுதியதை அம்மாவுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். காமன் கூத்துக்கு தப்பு காய்ச்சுவதை ஒவ்வொரு வருடமும் பார்த்தவர். "அப்போ இது செருப்புத் தோல் மாதிரி பதப்படுத்துனதா" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, கொஞ்சநேரம் யோசித்தார். அழுகிவிடும் என்ற பயம் போய்விட்டது.

இப்போது கேட்பது வேறு. பதப்படுத்தியது அழுகாது என்றால் ஏன் ஆயுளுக்கும் தாங்காது? பத்துப் பதினைந்து வருடம் என்றுதான் கிளினிக்கில் சொன்னார்கள்.

மிருகவைத்தியன் (பேராதனை)
செவ்வாய், இரவு 10.10

இதுதான் இந்தத் துறையின் தீராத தலைவலி. சுண்ணாம்பு, அதாவது கல்சியம்.

உயிருள்ள அணு தனக்குள் வரும் கல்சியத்தை ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். பதப்படுத்திய சவ்வில் அணு செத்துவிட்டது, தள்ளுவதற்கு ஆளில்லை. ஆனால் அணுவின் உறையிலிருந்த பொஸ்போலிப்பிட் கொழுப்பு மிச்சமிருக்கிறது. இரத்தத்திலுள்ள கல்சியம் அதிலுள்ள பொஸ்பேற்றோடு சேர்ந்து பொடிப் பொடியாகப் படிகிறது. இன்னொன்று, குளுட்டரல்டிஹைட்டின் ஒரு கை நாரைப் பிடித்து மறு கை சும்மா நின்றுவிட்ட இடங்கள் இருக்கும். அந்தச் சும்மா நிற்கும் கைகளும் கல்சியத்தை இழுக்கும். இதழ் கொஞ்சம் கொஞ்சமாக விறைக்கும், ஓரத்தில் கிழியும்.

அதனால் இன்றைய பதப்படுத்தலில் ஊறவைத்த பிறகும் வேலை இருக்கிறது. எதனோலில் கழுவிக் கொழுப்பை எடுப்பது ஒரு வழி. சும்மா நிற்கும் கைகளுக்கு வேறு மூலக்கூறு ஒன்றைக் கொடுத்து மூடிவிடுவது இன்னொன்று. கிளிசரோல் ஏற்றி, திரவமே இல்லாமல் உலர்ந்த பெட்டியில் அனுப்பும் வகையும் இப்போது வந்துவிட்டது. பழைய வால்வுக்கும் புதியதுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இந்தக் கடைசிக் கட்டங்களில்தான்.

இளம் உடம்பில் கல்சியப் பரிமாற்றம் வேகம். சிறு பிள்ளைக்கு இதை வைத்தால் சில வருடத்திலேயே கல்லாகிவிடலாம். வயது ஏற ஏற மெதுவாகும். டொக்டர்கள் முதலில் வயதைக் கேட்பது இதனால்தான். 63 இல் சவ்வு வால்வை யோசிப்பது நியாயமான யோசனை.

இதழ்களுக்கு விழும் வேலையையும் நினைத்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 3 கோடி 80 இலட்சம் தடவை திறந்து மூடவேண்டும். சவ்வு வால்வை இயந்திரத்தில் போட்டு 20 கோடி தடவை திறந்து மூடிப் பார்த்துத்தான் ஏற்றுக்கொள்ளவேண்டும் என்று நியமம் சொல்கிறது.

ஏலத்தோட்டம் (கினிகத்தேனை)
புதன், காலை 11.50

நான் மறுபக்கத்து ஆள். எனக்கு 2014 இல் இயந்திர வால்வு போட்டார்கள், அப்போது வயது 41. சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சல் வால்வைக் கெடுத்துவிட்டது. இயந்திர வால்வைக் குறை சொல்லமாட்டேன். அது இல்லாவிட்டால் நான் இதை எழுத இருக்கமாட்டேன். இரவில் எல்லாம் அடங்கிய பிறகு டிக் டிக் என்று கேட்கும், என் மனைவிக்கு அது கேட்டால்தான் தூக்கம் வரும்.

ஆனால் வாஃபரினோடு தோட்டத்தில் வாழ்வது எப்படி என்று தேயிலைமகளுக்குத் தெரியவேண்டும். ஐ.என்.ஆர் என்ற இரத்தப் பரிசோதனை எனக்கு இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் நிற்கவேண்டும். குறைந்தால் வால்வில் இரத்தம் உறையும், கூடினால் இரத்தக் கசிவு. இதற்காக மாதம் ஒரு நாள் வேலை போய்விடும். விடியக்காலை முதல் பஸ்ஸைப் பிடித்தால் மத்தியானத்துக்குள் இரத்தம் கொடுக்கலாம். 2022 இல் எரிபொருள் இல்லாத மாதங்களில் பஸ் ஓடவில்லை, நான் ஏழு வாரம் பரிசோதனை இல்லாமல் இருந்தேன். ஒரு நாள் பல் துலக்கும்போது ஈறிலிருந்து நிற்காமல் இரத்தம். போய்ப் பார்த்தால் ஐந்தைத் தாண்டியிருக்கிறது. நான் போன இடத்தில் அன்று அந்தப் பரிசோதனைக்கு மருந்து இல்லை என்று திருப்பி அனுப்பப் பார்த்தார்கள், தங்கையின் கணவர் கெஞ்சிக் கூத்தாடித்தான் வேறிடத்துக்கு ஏற்பாடு செய்தார். அந்தப் பகல் முழுக்க என் மகள் என் கையை விடவே இல்லை.

அப்புறம் அட்டை. எங்கள் பக்கம் மழை மாதத்தில் மலைக்கு ஏறினால் காலில் நாலைந்து அட்டை நிச்சயம். மற்றவர்களுக்கு அரை மணித்தியாலத்தில் நின்றுவிடும். எனக்குச் சாரம் நனைந்து, சப்பாத்துக்குள் இரத்தம் வழிந்து, இரவு படுக்கைவரை கசியும். அட்டை கடிக்கும்போதே உறையாமல் இருக்க ஒன்றை உள்ளே விடுகிறது, அதோடு வாஃபரினும் சேர்கிறது. கவ்வாத்துக் கத்தி எடுப்பதையே விட்டுவிட்டேன். கீரை வாஃபரினின் வேலையைக் குழப்பும், அதனால் வல்லாரை, பொன்னாங்காணி ஒரு நாள் நிறைய ஒரு நாள் இல்லை என்று சாப்பிடக்கூடாது, தினமும் ஒரே அளவாகச் சாப்பிடவேண்டும்.

அம்மா தொடர்ந்து மாட்டுக்குப் புல் அறுக்கப் போவாரா? அதை யோசித்து முடிவெடுங்கள்.

கம்பளை_நண்பன் (கம்பளை)
புதன், இரவு 9.30

சகோதரி, எங்கள் வாப்பாவுக்கு ஐந்து வருடத்துக்கு முன் பன்றி வால்வு வைத்தார்கள். எங்கள் வீட்டில் எவ்வளவு பெரிய கேள்வியாக இருந்திருக்கும் என்று உங்களுக்கு விளங்கும். வாப்பா நேரே பள்ளிவாசலுக்குப் போய் மௌலவியிடம் கேட்டார். உயிரைக் காப்பதற்கு நிர்ப்பந்தம் என்றால் அனுமதி உண்டு, மாட்டில் செய்தது கிடைத்து அதுவே பொருந்துமென்றால் அதை முதலில் பாருங்கள் என்றார். வாப்பாவின் அளவுக்கு அப்போது இருந்தது பன்றி வால்வுதான். ஒப்பரேஷனில் இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெபரினும் பன்றிக் குடலிலிருந்துதான் வருகிறது என்று டொக்டர் மறைக்காமல் சொன்னார். அந்த வெளிப்படையான பேச்சுத்தான் வாப்பாவுக்குத் தைரியம் கொடுத்தது.

இன்றும் ஐந்து வேளையும் நடந்தே பள்ளிக்குப் போகிறார். அம்மாவின் மனதில் இருப்பதை அவரே வாய்விட்டு டொக்டரிடம் கேட்கட்டும். கேட்டால் யாரும் கோபிக்கமாட்டார்கள்.

நானுஓயா_அக்கா
வியாழன், மாலை 4.15

மாட்டுச் சவ்வு பற்றியே பேசுகிறீர்கள், மனிதச் சவ்வு பற்றியும் ஒன்று சொல்கிறேன். என் மகன் மூன்று வயதில் அடுப்படியில் கொதிதண்ணீர்ச் சட்டியை இழுத்துக் கொட்டிக்கொண்டான். லயத்தில் அடுப்பு நிலத்தோடு இருக்கும், உங்களுக்குத் தெரியும். நெஞ்சும் கையும் வெந்துவிட்டது. அவனுடைய புண்ணில் ஒரு மெல்லிய, எண்ணெய்த்தாள் மாதிரியான சவ்வைப் போட்டார்கள். பிள்ளை பெற்ற ஒரு தாயின் பனிக்குடச் சவ்வு என்றார்கள். போட்டவுடன் பிள்ளையின் அழுகை குறைந்தது. தினமும் கட்டுப் பிரிக்கவேண்டியிருக்கவில்லை, அது புண்ணோடு ஒட்டியிருந்து பிறகு தானாகக் கழன்றது.

அந்தத் தாய் யாரென்று தெரியாது. எந்தத் தாயாக இருந்தாலும் அவளுக்கு என் வீட்டில் ஒரு விளக்கு எரிகிறது.

தியேட்டர்_மிஸ்ஸி (கண்டி)
வியாழன், இரவு 9.00

அக்கா, வாசிக்கும்போது கண் கலங்கிவிட்டது. அந்தச் சவ்வை எப்படித் தயார் செய்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். சத்திர சிகிச்சை மூலம் பிள்ளை பெறும் தாயிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்கி, எச்.ஐ.வி, ஈரல் அழற்சி பீ, சீ, சிபிலிஸ் எல்லாம் இல்லை என்று இரத்தம் பார்ப்பார்கள். நச்சுக்கொடியிலிருந்து சவ்வைப் பிரித்து, இரத்தக் கறை போகும்வரை திரும்பத் திரும்ப உப்புநீரில் கழுவுவார்கள். பிறகு விரித்து உலர்த்தி, உறையிலிட்டு, கிருமி நீக்கக் காமாக் கதிர் கொடுப்பார்கள். வழக்கமான அளவு 25 கிலோகிரே. கிளிசரோலில் போட்டு வைக்கும் முறையும் உண்டு.

நம் இலங்கை இந்த விடயத்தில் சின்ன நாடில்லை. டொக்டர் ஹட்சன் சில்வா தொடங்கிய கண் தான சங்கம் 1964 இலிருந்து வெளிநாடுகளுக்குக் கண் அனுப்புகிறது. முதல் கண்கள் சிங்கப்பூருக்குப் போயின. பிறகு அதே சங்கம் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் உதவியோடு கொழும்பில் மனிதத் திசு வங்கியும் தொடங்கியது. மனிதத் திசு மாற்றுவதற்கென 1987 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது.

ஸ்டோர்_ஒப்பீசர் (தலவாக்கலை)
வியாழன், இரவு 9.40

மிஸ்ஸி, அப்படியென்றால் மாட்டு வால்வுக்கும் காமாக் கதிர் கொடுத்தால் என்ன? ஏன் நச்சுத் திரவத்திலேயே வைத்திருக்கவேண்டும்?

மிருகவைத்தியன் (பேராதனை)
வெள்ளி, காலை 6.20

கதிர் கொலாஜன் நாரையே வெட்டும் அண்ணா. பனிக்குடச் சவ்வு சில நாள் புண்ணை மூடினால் போதும், கொஞ்சம் வலு குறைந்தாலும் பரவாயில்லை. வால்வு வருடக்கணக்காக உழைக்கவேண்டும். அதனால் திரவத்தில் வரும் வால்வுகளுக்குச் சூடோ கதிரோ கொடுக்காமல், திரவ இரசாயனத்தாலேயே கிருமி நீக்குகிறார்கள்.

உறையவைப்பதும் அதே காரணத்தால் ஆகாது. தை மாதத்தில் நுவரெலியாவில் வெள்ளைப் பனி விழுந்தால் மறுநாள் கொழுந்து கருகி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இலைக்குள்ளிருந்த நீர் பனிக்கட்டியாகி அணுவைக் கிழித்துவிடுகிறது. சவ்வுக்குள்ளும் அதே கதை, பனிக்கட்டி நார்களைப் பிரித்துவிடும். வழியில் உறைந்ததா என்று காட்டும் அடையாளம் பெட்டியிலேயே இருக்கும். அது மாறியிருந்தால் அந்த வால்வைத் தொடக்கூடாது.

தியேட்டர்_மிஸ்ஸி (கண்டி)
வெள்ளி, மாலை 6.05

ஆமாம், பெட்டி வந்ததும் நாங்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இன்னொன்று தங்கச்சி. சில ஒப்பரேஷனில் ஓட்டையை அடைக்க நோயாளியின் சொந்த இதய உறையிலிருந்தே ஒரு துண்டு வெட்டி எடுப்பார் சேர்ஜன். அதை என் கையில் தருவார். 0.6 சதவீதக் குளுட்டரல்டிஹைட்டில் சில நிமிடம் போடுவேன். போடும்போது ஈரத் துணி மாதிரித் துவளும், இளஞ்சிவப்பாக, பார்த்தால் அடுத்த பக்கம் தெரியும். ஐந்தாறு நிமிடத்தில் என் கண் முன்னாலேயே வெளுத்து, மஞ்சள் ஏறி, ஓரம் நிமிர்ந்து நிற்கும். பிறகு சேலைனில் திரும்பத் திரும்ப அலசித் திருப்பிக் கொடுப்பேன், கத்தரித்துத் தைப்பார். மாட்டுச் சவ்வு, மனிதச் சவ்வு இரண்டும் அந்தத் தண்ணீருக்குள் போனால் ஒரே மாதிரித்தான் ஆகிறது. இதை அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள்.

தேயிலைமகள் (பொகவந்தலாவை)
ஞாயிறு, இரவு 8.20

சொன்னேன் அக்கா. அம்மா இன்று காலை முடிவு சொல்லிவிட்டார். சவ்வு வால்வு. கினிகத்தேனை அண்ணா எழுதிய அட்டைக் கதைதான் கடைசியில் முடிவெடுக்க வைத்தது. "புல்லறுக்கப் போகாம நான் எப்பிடி இருக்குறது" என்றார். பன்னிரண்டு பதினைந்து வருடத்தில் பழுதானால் என்ன செய்வது என்று அவரே டொக்டரிடம் கேட்டார். அப்போது பழைய வால்வுக்குள்ளேயே இன்னொன்றைத் தொடை இரத்தக்குழாய் வழியாக வைக்கும் முறை இருக்கிறது, எல்லோருக்கும் பொருந்தாது, அளவைப் பொறுத்தது என்று பொறுமையாக விளக்கினாராம். முதல் மூன்று மாதம் மட்டும் உறைவுத் தடுப்பு மருந்து தேவைப்படலாம் என்றும் சொல்லியிருக்கிறார்.

பிறகு அம்மா வெளியே வந்து என்னிடம் கேட்டார், அந்த மாட்டுக்குத் தான் ஏதும் செய்யவேண்டுமா என்று. எனக்குப் பதில் தெரியவில்லை. மாலையில் கோயிலுக்குப் போகுமுன் பட்டியிலிருக்கும் இரண்டு பசுவுக்கும் கன்றுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, பொங்கல் ஊட்டிவிட்டார்.

தேயிலைமகள் (பொகவந்தலாவை)
ஐந்து வாரத்துக்குப் பின், சனி, மாலை 7.00

எல்லோரும் கேட்டிருந்தீர்கள். ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது, அம்மா வீட்டுக்கு வந்து பத்து நாள். நெஞ்சில் தழும்பு இன்னும் நோகிறது, இருமும்போது தலையணையை அணைத்துக்கொள்கிறார். ஆனால் நேற்றுப் படியில் ஏறும்போது பாதியில் நிற்கவில்லை. மேலே போனதும் திரும்பிப் பார்த்தார், நான் எண்ணிக்கொண்டு வருகிறேனா என்று. இருபத்தாறு படி.

வால்வின் இலக்கம் எழுதிய ஒரு சின்ன அட்டை தந்தார்கள். மிஸ்ஸி அக்கா சொன்ன அந்த இலக்கமாக இருக்கவேண்டும். அம்மா அதை அடையாள அட்டையோடு சேர்த்து மாரியம்மன் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.

தியேட்டர்_மிஸ்ஸி (கண்டி)
சனி, இரவு 9.15

தங்கச்சி, சந்தோஷம். அந்த அட்டையைப் படத்துக்குப் பின்னால் வைக்கவேண்டாம், அம்மாவின் பையிலேயே இருக்கட்டும். பல் பிடுங்கப் போனால் முதலில் அதைக் காட்டவேண்டும், முன்கூட்டியே அன்டிபயோட்டிக் கொடுப்பார்கள். காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நின்றாலும் தோட்டத்து டிஸ்பென்சரியில் குளிசை வாங்கிப் போட்டுவிட்டு இருக்காமல் அட்டையோடு வாருங்கள். அடுத்த எக்கோ எப்போது?

தேயிலைமகள் (பொகவந்தலாவை)
சனி, இரவு 9.22

அடுத்த மாதம் 14 அக்கா. அட்டையை இப்போதே எடுத்து அம்மாவின் சுருக்குப் பையில் போட்டுவிட்டேன்.